பயன் ஒழிந்த பொருளும் பேணற் கடனும்

ஒரு பொருள் தன் பயனை இழந்த பின்னரும் அதனைப் பேணுதல் மனிதனுக்குக் கடமையாகுமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து மிக எளியதாகத் தோன்றலாம். பயன்படும்வரை வைத்திருத்தலும் பயன் நீங்கியதும் களைதலும் நாம் யாவரும் நாள்தோறும் செய்வன. உடைந்த பானையை எவரும் உறியில் வைப்பதில்லை. ஆயினும், கைவிடப்பட்ட பழைய புகையிரத நிலையமொன்றைத் தம் செலவிலே பழுதுபார்த்து, பழைய பயணச்சீட்டுகளையும் கைவிளக்குகளையும் நேர அட்டவணைகளையும் அங்கு சேர்த்துவைத்து, தம் ஓய்வு நாள்களைப் பாதையோரப் புதர்களை வெட்டுவதிலும் கைகாட்டி மரங்களுக்கு வர்ணம் பூசுவதிலும் கழிக்கும் தொண்டர் சங்கங்கள் உலகின் பல நாடுகளிலே இயங்குகின்றன. இவர்களுக்கு ஊதியம் இல்லை. பெரும்பாலும் அப்பாதையோடு தொழில்முறைத் தொடர்பும் இல்லை. இவர்தம் செயலை விளையாட்டென்பதா, பழமை மீதுள்ள ஏக்கமென்பதா, அன்றி அறமென்பதா? இவ்வினாவை ஆராய்தலும், அதற்கான விடை இத்தீவில் வாழும் எம்மையும் எவ்வாறு பிணிக்கின்றது என்பதைக் காட்டுதலுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையை அடுத்துள்ள தலிலின் புகையிரதப் பாதை. தொண்டர்களாற் காக்கப்பட்டு இயக்கப்பட்ட பாதைகளுள் உலகில் முதலாவது இதுவே. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போர் காரணமாகப் பருத்தி வரத்துக் குன்றியபோது, மான்செஸ்ரர் நகரத்துப் பருத்தியாலை உரிமையாளராகிய மக்கொனல் குடும்பத்தார் தம் மூலதனத்தை வேறு துறையில் ஈடுபடுத்த விரும்பினர். பிறின் எக்லுவிஸ் என்னும் மலைப்புறத்துச் சிலேற்றுக்கல் அகழ்விடம் அவர்தம் முதலீட்டாற் பெருகியது. அங்கு வெட்டிய கல்லைக் கரையோரத்துத் தவின் என்னும் ஊருக்குக் கொண்டுவருதற்பொருட்டு, 1865 இல் இயற்றப்பட்ட பாராளுமன்றச் சட்டத்தின்வழி, ஏறக்குறைய ஏழு மைல் நீளமான ஒடுங்கிய பாதை ஏற்பட்டது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் இரண்டு அடி மூன்று அங்குலம் மட்டுமே.

1911 இல் அகழ்விடமும் பாதையும் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் என்பாரது உடைமையாயின. அவர் அப்பகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக நெடுங்காலம் விளங்கியவர். 1946 இன் இறுதியில் அகழ்விடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ, அது மூடப்பட்டது. கல் ஏற்றுவதற்கென அமைந்த பாதைக்குக் கல் இல்லாது போயிற்று. எனினும் தாம் உயிரோடுள்ளவரை வண்டி ஓடும் என அவர் உறுதி கூறியிருந்தார், அவ்வாறே ஓடச்செய்தார். பிரித்தானியப் புகையிரதப் பாதைகள் 1948 இல் அரசுடைமையாக்கப்பட்டபோது இச்சிறு பாதை அதனுள் அடங்கவில்லை. 1950 ஜூலையில் உரிமையாளர் காலமானார்.

இந்நிலையில், பொறியியலாளரும் எழுத்தாளருமாகிய எல். ரி. சி. றோல்ற் என்பாரும் அவர்தம் நண்பர்களும் 1950 ஒக்டோபர் 11 ஆம் நாளன்று கூட்டமொன்றைக் கூட்டினர். அக்கூட்டம் நடந்தது தவினில் அன்று. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்து விடுதியொன்றில். ஏறக்குறைய எழுபதின்மர் வந்திருந்தனர். பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. உரிமையாளரின் மனைவியார் பாதையைச் சங்கத்தாரிடம் ஒப்படைக்க இசைந்தார். சிலிப்பர் கட்டைகள் உக்கிப்போயிருந்தன. இயங்கத்தக்க நிலையில் இருந்தது 'டொல்கோக்' என்னும் ஒரேயொரு பழைய இயந்திரமே. ஆயினும் 1951 மே 14 ஆம் நாள் தொண்டர்களின் முதல் வண்டி தவினிலிருந்து புறப்பட்டது. அவ்வூர் வாவ்ப் நிலையத்திலே பின்னர் ஒடுங்கிய பாதைப் புகையிரதங்களுக்கான அரும்பொருளகமும் அமைந்தது. இதனைப் பின்பற்றிப் பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் இத்தகைய சங்கங்கள் பல்கின.

இச்செயலுக்கு எதிராக எழுப்பத்தக்க தடைகள் மூன்று. அவற்றை நேர்மையோடு எதிர்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, பயன்பற்றிய தடை. நோயாளிக்கு மருந்தும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் வேண்டியிருக்கையில், ஓடாத வண்டிக்கு உழைப்பையும் பணத்தையும் செலவிடுதல் தகுமா? தொண்டர் தம் சொந்தப் பொழுதையே செலவிடுகின்றனர், அது அவர்தம் விருப்பம் என விடை கூறுவர் சிலர். இவ்விடை போதாது. ஒரு செயல் குற்றமற்றது என்பதையே அது காட்டும். கடமை என்பதைக் காட்டாது. பூப்பந்து ஆடுதலும் குற்றமற்றதே.

இரண்டாவது, மனப்பான்மை பற்றிய தடை. 1874 இல் வெளிவந்த தம் கட்டுரையொன்றில் ஜேர்மனியச் சிந்தனையாளர் நீட்சே வரலாற்று நோக்கை மூவகையாகப் பகுத்தார். பெருமையை எடுத்துக்காட்டுவது ஒன்று. பழையதைப் பேணுவது மற்றொன்று. பழமையைத் தீர்ப்புக்கு உட்படுத்துவது பிறிதொன்று. பேணுவோன், பழையது என்னும் ஒரே காரணத்தால் அனைத்தையும் சமமாகப் போற்றத் தொடங்கி, புதியது பிறப்பதை வெறுப்பவனாகிவிடும் அபாயம் உண்டென அவர் எச்சரித்தார். புகையிரத ஆர்வலர் பலரிடம் இக்குறை காணப்படாமலில்லை. ஒரு கொதிகலனின் உற்பத்தி எண்ணை ஒப்புவிக்கத் தெரிந்தவருக்கு, அதற்குக் கரி அள்ளிப்போட்டவரின் பெயர் தெரியாதிருத்தல் அரிதன்று.

மூன்றாவது, பொருளின் அடையாளம் பற்றிய தடை. தீசியஸ் என்னும் வீரனின் மரக்கலத்தை ஏதென்ஸ் நகரத்தார் காத்துவந்தனர் என்றும், உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தமையால் அது அதே கலந்தானா என்னும் வழக்குத் தத்துவஞானிகளிடையே எழுந்தது என்றும் பிளுற்றாக் எழுதினார். தவினிலும் அதுவே நிகழ்ந்தது. கொதிகலன்கள் மாறின, கட்டைகள் மாறின, தண்டவாளங்களும் மாறின. பழைய இரும்பே அருமையுடையதாயின், அவ்விரும்பில் எஞ்சியிருப்பது எவ்வளவு?

இம்மூன்று தடைகளுக்கும் பொதுவானதோர் அடிப்படை உண்டு. பேணற் கடமை என ஒன்று இருப்பின், அது பொருளுக்குச் செய்யப்படும் கடமை என இவை மூன்றும் கொள்கின்றன. கட்டுரையாளர் இக்கொள்கையை மறுக்கின்றார். இரும்புக்கு நாம் எக்கடனும் பட்டிருக்கவில்லை. கடன் மனிதருக்கே உரியது. புகையிரதப் பாதை என்பது ஒருவரால் ஆக்கப்பட்டதன்று. மலையைக் குடைந்தவன், பாலத்தைக் கட்டியவன், இரவில் கடவையைக் காத்தவன், மூட்டை சுமந்தவன், சீட்டுக் கிழித்தவன், பயணம் செய்தவன் எனப் பல்லாயிரவரின் வாழ்வு அதனுள் அடங்கியுள்ளது. இவர்களுட் பெரும்பாலோர் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைக்கும் வாய்ப்பைப் பெற்றிலர். அவர்கள் இருந்தமைக்கும் உழைத்தமைக்கும் சான்றாக எஞ்சியிருப்பவை அந்நிலையமும் பாதையும் பதிவேடுகளுமே. சான்றை அழியவிடுதல், சான்றுக்குரியவரைப் பொய்யாக்குதலோடு ஒக்கும். ஆகவே பேணப்படவேண்டியது பொருளன்று; பொருள் தாங்கிநிற்கும் சாட்சியமே.

இவ்வாறு கொள்ளின், மூன்று தடைகளும் தத்தம் எல்லையைப் பெறுகின்றன. பலகை மாறினும் சாட்சியம் மாறாதிருக்கலாம். ஆதலின் தீசியஸின் கலம் எம்மைத் தடுக்காது. பழையது அனைத்தும் போற்றற்குரியதன்று. சாட்சி கூறுவதே பேணற்குரியது. ஆதலின் நீட்சேயின் எச்சரிக்கை எமக்கு வழிகாட்டியாகின்றது. உயிருள்ளோரின் தேவை முந்தியது என்பதையும் நாம் தயங்காது ஏற்கலாம். எனினும் முந்தியதொரு கடமை உண்டு என்பதனால் பிந்தியது கடமையன்று என்றாகாது. திருக்குறள் இல்வாழ்வான் ஓம்பவேண்டியோரை எண்ணுமிடத்துத் தென்புலத்தாரை முதலில் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. இறந்தோர் எதனையும் கேட்கமாட்டார். எதனையும் திருப்பித் தரவும் மாட்டார். கைம்மாறு கருதாத ஒப்புரவுக்கு இதனினும் தூய இடம் வேறில்லை. சமுதாயம் என்பது வாழ்வோர்க்கு மட்டுமன்றி இறந்தோர்க்கும் பிறக்கவிருப்போர்க்கும் இடையேயுள்ள கூட்டுறவு என்று எட்மண்ட் பேர்க் 1790 இல் கருதியதும், பழங்கட்டடங்கள் எமக்கு உரியனவல்ல, கட்டியோர்க்கும் வருவோர்க்குமே உரியன என ஜோன் ரஸ்கின் 1849 இல் வாதிட்டதும் இக்கருத்தையே வேறு நெறிகளால் அணுகுவன.

இக்கடமையை எவர்மீது சுமத்துவது? ஜேர்மனியத் தத்துவஞானி கான்ற் கடமைகளை நிறைகடமை, நிறைவில் கடமை என இருவகைப்படுத்தினார். வாக்குறுதியைக் காத்தல் முதல்வகை. அதிலிருந்து எவரும் விலகலாகாது. பிறர்க்கு உதவுதல் இரண்டாம் வகை. எவர்க்கு, எப்பொழுது, எவ்வளவு என்பது செய்வோனின் தெரிவுக்கு விடப்பட்டுள்ளது. பேணற் கடன் இரண்டாம் வகையைச் சார்ந்தது. இன்னார் இந்நிலையத்தைக் காக்காமை குற்றமென எவரையும் நிறுத்திவைத்துக் கேட்க இயலாது. ஆனால் எவருமே காவாத சமுதாயம் குறையுடைய சமுதாயமே. தொண்டர் சங்கம் என்னும் அமைப்பு இத்தகைய கடமைக்கு மிகப் பொருந்துவதாகும். அரசு தனது உடைமையைக் காக்கும். நிறுவனம் தனக்கு வருவாய் தருவதைக் காக்கும். இவ்விரண்டிலும் அடங்காது எஞ்சுவதைக் காப்பவர் தொண்டரே.

ஆயினும், காப்பவர் உரிமையாளர் அல்லர், பொறுப்பாளர் மட்டுமே. பிறர் சொத்தின் பொறுப்பாளர் கணக்கேட்டில் தமக்கு இனியவற்றை மட்டும் எழுதி, இன்னாதவற்றை விடுதல் மோசடியாகும். தலிலின் பாதையை ஆக்கிய மூலதனம் பருத்தியாலைகளில் திரண்டது. அப்பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமை மக்களால் விளைவிக்கப்பட்டது. இதனைக் கூறாது பச்சை மலைச்சாரலில் ஓடும் அழகிய சிறு வண்டியைப் பற்றி மட்டும் கூறின், கணக்கில் ஒரு பக்கமே எழுதப்பட்டதாகும். 2021 இல் யுனெஸ்கோ நிறுவனம் வடமேற்கு வேல்ஸின் சிலேற்றுக்கல் நிலப்பரப்பை உலக மரபுரிமையாக ஏற்றபோது பாதையை மட்டும் தனியே எடுக்கவில்லை. அகழ்விடமும், தொழிலாளர் குடியிருந்த அபர்கினோல்வின் கிராமமும், பாதையும் ஒருங்கே சேர்க்கப்பட்டன. வண்டியைக் காத்தோர் தொடங்கிய பணி, கல் வெட்டியோரையும் உளப்படுத்தியபோதே நிறைவை நோக்கி நகர்ந்தது எனலாம்.

இனி எமது தீவை நோக்குவோம். தலிலின் பாதை உருவான அதே காலத்திலேதான் இலங்கையிலும் புகையிரதம் வந்தது. 1864 டிசெம்பர் 27 ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் வண்டி சென்றது. 1867 இல் பாதை கண்டியை எட்டியது. அங்கு சிலேற்றுக்கல், இங்கு கோப்பி. ஒரு நூற்றைம்பது ஆண்டுகள் நிறைவுற்ற 2014 டிசெம்பரில், புகையிரதத் திணைக்களம் கடுகண்ணாவையில் அரும்பொருளகமொன்றைத் திறந்தது. பழைய இயந்திரங்களும் கருவிகளும் அங்கு பேணப்படுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே கடுகண்ணாவையிலே, கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்ட கோபுரம் நிற்கின்றது. வீதி சமைத்த பொறியியலாளருக்குக் கோபுரம் உண்டு. அக்கணவாயில் வீதியையும் பின்னர் புகையிரதப் பாதையையும் வெட்டி உயிர்நீத்த தொழிலாளர்க்கு அத்தகைய கோபுரம் இல்லை. அத்தொழிலாளருள் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் பலர்.

மலையகத் தமிழரின் வாழ்விலே புகையிரதம் மற்றுமொரு பொருளையும் தாங்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் பின்னர், தலைமுறைகளாக இந்நாட்டில் வாழ்ந்தோர் மலையக நிலையங்களில் வண்டியேறித் தலைமன்னாரை அடைந்து, கப்பல்வழி இராமேஸ்வரம் சென்றனர். வழியனுப்ப வந்தோரின் அழுகுரல் காரணமாக அவ்வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்னும் பெயர் வழங்கிற்று. எந்த இயந்திரம் எத்தனை குதிரைவலு உடையது என்பதை அரும்பொருளகம் கூறும். அவ்வண்டியில் ஏறியவர் எவர், மேடையில் நின்று அழுதவர் எவர் என்பதை எவர் கூறுவர்?

இதனினும் கடினமான பக்கங்கள் உள. 1958 மே மாதத்திலே பொலநறுவை நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டனர். 1977 ஓகஸ்டில் அநுராதபுர நிலையத்தில் அத்தகைய கொடுமை மீண்டும் நிகழ்ந்தது. தமிழர் பெயராற் செய்யப்பட்டவையும் இதே ஏட்டில் எழுதப்படவேண்டியனவே. 1985 ஜனவரியில் முறிகண்டிக்கருகே யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபோது படையினரோடு பொதுமக்களும் மாண்டனர். 1996 ஜூலையில் தெஹிவளையில், வேலை முடிந்து வீடு திரும்பிய பயணிகள் நிறைந்த வண்டியில் குண்டுகள் வெடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவற்றுள் ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைக்கும் சங்கம், எவ்வினத்தைச் சார்ந்ததாயினும், வரலாற்றைப் பேணும் சங்கமன்று, கட்சியொன்றின் கிளையே.

பழம்புண்ணைக் கிளறுதல் அமைதிக்கு ஊறு விளைக்கும், மறத்தலே நன்று எனச் சிலர் வாதிடுவர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. சினத்தை அடைகாத்தல் நினைவன்று. ஆனால் மறதியும் விலையின்றி வருவதன்று. அக்கலவரங்களிலே அயலாரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்கள மக்கள் பலர் இருந்தனர். கொடுமையை ஏட்டிலிருந்து நீக்கின், அக்காவலும் உடன் நீங்கிவிடும். எதிலிருந்து காத்தார் என்பதைக் கூறாமல் காத்தவரைப் போற்ற இயலாது. ஆகவே முழு மறதி என்பது செய்ந்நன்றி மறத்தலாகவும் முடியும்.

வடக்குப் பாதையின் நிலை தனித்து ஆராயற்பாலது. 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே தொடங்கி, 1905 இல் கொழும்போடு இணைந்த இப்பாதையில், 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. 1990 ஜூனில் சேவை நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. நிலையங்கள் சிதைந்தன. 2014 ஒக்டோபரில் புதிய பாதை யாழ்ப்பாணத்தையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் அடைந்தது. 1990 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த குழந்தை தன் ஊருக்குப் புகையிரதம் வரக் கண்டது இருபத்து நான்காவது வயதிலேதான்.

உயிர்காக்கும் பொருட்டுச் சிலிப்பர் கட்டையைப் பெயர்த்துப் பதுங்குகுழிக்குக் கூரையிட்ட தந்தையை எவர் பழிக்கவல்லார்? மரபுரிமையை அழித்தார் என அவர்மீது குற்றஞ்சாட்டுதல் அறியாமையாகும். இந்நிகழ்ச்சியே முன்னர்க் கூறிய கொள்கைக்குத் தக்க சோதனை எனலாம். பேணற் கடன் இரும்புக்கும் மரத்துக்கும் உரியதாயின், அவர் அதனை மீறியவராவார். இங்கு இனிப் பேணுவதற்கும் பெரிதாக எதுவும் இல்லை. கடன் மனிதருக்கு உரியதாயின், அவர் எதனையும் மீறவில்லை. பொருள் மறைந்த பின்னரும் கடன் மறையவில்லை. அக்கட்டை பதுங்குகுழிக் கூரையான கதையும் அப்பாதையின் வரலாற்றில் ஓர் இயலே.

அங்ஙனமாயின் வடக்கிலும் மன்னாரிலும் மலையகத்திலும் தொண்டர் சங்கமொன்று பேணத்தக்கவை யாவை? ஊழியரின் நியமனக் கடிதங்கள், மாதாந்தப் பருவச்சீட்டுகள், குடும்பப் பேழைகளிற் கிடக்கும் நிழற்படங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வாய்மொழிகள். ஒற்றைப் பாதையிலே இரு நிலையங்களுக்கிடையே ஒருவேளையில் ஒரு வண்டியே செல்லலாம். அதன்பொருட்டு, 'ரப்லெற்' எனப்படும் தகட்டைக் கையிற் பெறாது சாரதி வண்டியைச் செலுத்தலாகாது. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை, இரு நிலையங்களிலுமுள்ள பொறிகள் மற்றொரு தகட்டைத் தரமாட்டா. வளையத்திற் செருகிய அத்தகட்டை, ஓடும் வண்டியிலிருந்து கைநீட்டிப் பெறுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். இத்தகைய தொழிலறிவு எந்த நூலிலும் முழுமையாக அடங்காது. செய்தவரின் கையிலும் நாவிலுமே உள்ளது. யாழ்தேவி தொடங்கிய ஆண்டில் இருபது வயதிலே சேவையிற் சேர்ந்த ஒருவர் இன்று தொண்ணூறை அணுகியிருப்பார். பணம் பின்னரும் கிடைக்கலாம். கட்டடத்தைப் பின்னரும் எழுப்பலாம். இவர்தம் வாய்மொழி பின்னர்க் கிடையாது.

இத்தகைய பணி எம்மவரால் இயலாதென எவரும் கூறற்கில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட துயரை அறிந்த சமுதாயத்திலிருந்தே, 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் தொண்டு முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிலே திரட்டி யாவர்க்கும் கிடைக்கச் செய்துள்ளது. ஏடுகளுக்குச் செய்யப்பட்டது நிலையங்களுக்கும் செய்யப்படலாம். பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் தம் ஊர் திரும்பும்போது, அவ்வூர் நிலையத்தின் பழைய ஊழியர் ஒருவரைத் தேடிச்சென்று அவர் கூறுவதைப் பதிந்து வருவதற்கு நிதியோ கட்டடமோ தேவையில்லை. தமிழ் மாணவர் தமிழரிடமும் சிங்கள மாணவர் சிங்களவரிடமும் மட்டும் கேட்பின் ஏடு மீண்டும் ஒரு பக்கமாகிவிடும். ஒரே பாதையில் இருவரும் பணிபுரிந்தனர் என்பதால், இருவரிடமும் இருவரும் கேட்டல் வேண்டும்.

சுருங்கக் கூறின், பயன் ஒழிந்த பொருளைப் பேணுதல் அப்பொருளின்பொருட்டு ஒருபோதும் கடமையாகாது. அதனோடு பிணைந்த மனிதருக்குச் சான்றாக நிற்கும் அளவிலே அது கடமையாகும். அக்கடமையை எவர்மீதும் கட்டாயமாகச் சுமத்தவியலாது. ஆதலினாலேயே தாமே முன்வரும் தொண்டர் அதற்கு வேண்டியவராகின்றனர். முன்வந்தோர் தமக்கு இனியதையும் இன்னாததையும் ஒருங்கே எழுதக் கடமைப்பட்டவர். தவினில் தொண்டர்க்குப் பழைய வண்டியொன்று எஞ்சியிருந்தது. எமக்கு எஞ்சியிருப்போர் முதியவர் சிலர். அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் இத்தலைமுறையின் பொறுப்பாகும்.